காம்ப்ளிமென்ட் தீர்ந்துவிட்டது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூலை மாத அடைமழையில் நடந்தது இது. நடந்த இடம் அந்தமானின் தெற்குக் கோடித் தீவிலுள்ள ஹட் பே. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது போர்ட் பிளேரில், எங்கள் பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில். நடுவில் கடல். அந்தக் கடலை நான் அன்றைக்குத் திட்டிய மாதிரி யாரையும் திட்டியதில்லை, என் மாமனாரைத் தவிர.

என் மாமனாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். எவர்சில்வர் தட்டுகளைத் தலையில் வைத்து விற்று, பிறகு பஜாரில் கடை போட்டு, ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு கட்டி, பிள்ளைகளை ஆளாக்கியவர். நல்ல மனிதர். ஆனால் கையிலிருந்து ஒரு கரண்டி இலவசமாகப் போவதென்றால் அவருக்குச் சொத்தே போகிற மாதிரி இருக்கும்.

ஏனென்றால் எங்கள் கடையில் குக்கர் வாங்கினால் கரண்டி ஒன்று உண்டு. கல்யாணச் சீர் வாங்கினால் ஒரு சின்னக் குத்துவிளக்கோ டிபன் டப்பாவோ உண்டு. இதற்குக் கடையில் பெயர் காம்ப்ளிமென்ட். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எந்த வாடிக்கையாளர் வந்தாலும் இந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் பொது. பில் போட்டதும் கல்லாவின் மேல் சாய்ந்து, "காம்ப்ளிமென்ட் குச் நஹீ ஹை க்யா?", காம்ப்ளிமென்ட் ஒன்றும் கிடையாதா என்பார்கள். மாமனார் கூரையைப் பார்ப்பார். மறுபடி கேட்டால் காலண்டரைப் பார்ப்பார். மூன்றாம் தடவை கேட்டால்தான் கை கீழே போகும். ஸ்டாக் தீர்ந்துவிட்டால் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "காம்ப்ளிமென்ட் தீந்துட்டு. அதனால என்ன, பொருளு நல்லாத்தான இருக்கு?" என்று அனுப்பிவிடுவார்.

அவருடைய இந்தக் கஞ்சத்தனத்தைத் தாங்கி நிறுத்தியவள் என் நாத்தனார். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கல்லாவின் மேல் உட்கார்ந்தே வளர்ந்தவள். ஹிந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் அவள் வாயில் வெல்லமாக வரும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு கடைப் படி இறங்கும்போது, பின்னாலேயே ஓடிப் போய்ப் பைக்குள் கரண்டியைப் போட்டு, "தீதி, காம்ப்ளிமென்ட்!" என்று அக்கா முறை சொல்லிக் கத்துவாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போவார். அடுத்த தடவை தங்கையையும் கூட்டி வருவார். அவர்கள் போன பிறகு அவர்கள் நடையையும் பேச்சையும் அப்படியே நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஊரை நினைத்து அழாமல் இருந்ததற்கு அவள்தான் காரணம். அவள் வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. ஹட் பேயில் போஸ்டிங் ஆனதும் அங்கே போய்விட்டாள். ஆனாலும் தினமும் சாயங்காலம் போன் வந்துவிடும். "மைனி, இன்னைக்கு அப்பா எத்தனை கரண்டிய பாதுகாத்தாரு?" என்பதுதான் முதல் கேள்வி.

என் கொழுந்தன் அவளுக்கும் இளையவன். வீட்டில் சீக்காளி என்றால் அவன்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான். காலேஜில் படிக்கும்போது மறுபடி வந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதே கிருமி. ஒருவனுக்கே இது இரண்டு தடவை வருவது வழக்கமில்லை, ரத்தத்தில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று இங்கே பார்த்த டாக்டருக்குச் சந்தேகம். மெயின்லேண்டில் போய்ச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மாமனாரும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனோம். என் கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார்.

சென்னை டாக்டர் அமைதியானவர். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் மாமனாரிடம் ஒரு கேள்வி கேட்டார். சொந்தத்தில் கல்யாணம் செய்தீர்களா? மாமனார் நெஞ்சை நிமிர்த்தி, அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன் என்றார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, பையனுக்குக் காம்ப்ளிமென்ட் குறைபாடு இருக்கிறது என்று சொன்னார்.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் கரண்டிதான் தெரிந்தது.

டாக்டர் விளக்கத்தான் செய்தார். ஆங்கிலமும் தமிழும் கலந்து, ரத்தத்திலுள்ள புரதம், கிருமி, சங்கிலி என்று என்னவோ சொன்னார். உடம்பின் மற்ற பாதுகாப்புக்கு இது துணை என்றார். துணை என்ற வார்த்தை மட்டும் மாமனாருக்கு நன்றாகப் புரிந்தது. துணை என்றால் கூடுதலாகக் கொடுப்பது, கரண்டி மாதிரி. அன்று மத்தியானம் மொத்த வியாபாரியைப் பார்க்கப் பாரிமுனைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் வேறு அவருக்கு. பையனுக்குத் தடுப்பூசி போட வேண்டும், காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கூடப் பிறந்தவர்களுக்கும் இதே குறை இருக்கலாம், அவர்களையும் சோதித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும். அப்படித்தான் எங்கள் வீட்டுப் பழக்கம்.

வெளியே வந்ததும், "நானும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். காம்ப்ளிமென்ட் தான இல்ல. பொருளு நல்லாத்தான இருக்கு" என்று பையன் முதுகில் தட்டினார். பிழைத்து வந்த பிள்ளையின் அப்பா அவர். அந்தச் சந்தோஷத்தில் அதைச் சொன்னார். எனக்கும் பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. 

ஊருக்கு வந்த பிறகு கொழுந்தன் விஷயத்தில் நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. தடுப்பூசி மெயின்லேண்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. என் கணவர் அடுத்த முறை சரக்கெடுக்கச் சென்னை போனபோது அவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மிச்சம் நாத்தனார் மட்டும்தான். அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகாத கைக்குழந்தை. இந்தப் பரிசோதனைக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பல், பிறகு விமானம் என்று எதற்கு அலைய வேண்டும் என்றார் மாமனார். "அவளுக்கென்ன, ஆனைக்குட்டி மாரி இருக்கா. ஒரு தும்மல் போட்டுப் பாத்துருக்கியா? அடுத்த தடவ ஊருக்குப் போகும்போது பாத்துக்கிடலாம்."

அவளிடம் போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள். "எங்கிட்ட காம்ப்ளிமென்ட் எப்படி மைனி மிச்சமிருக்கும்? நாந்தான் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டேனே!" என்றாள். கடையே சிரித்தது. மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதன் பிறகு அது எங்கள் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, காம்ப்ளிமென்ட் தீர்ந்துவிட்டது என்போம்.

அந்த ஜூலையில் மழை விடவேயில்லை. தீவு முழுக்கக் காய்ச்சல். எங்கள் கடையிலும் வேலை செய்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் நாத்தனார் வழக்கம்போல் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. காய்ச்சல் அடிக்கிறது, தலை பிளக்கிறது, மாத்திரை போட்டிருக்கிறேன் என்றாள். குழந்தைக்கும் முந்தின வாரம் இதே மாதிரி வந்து போனதாகச் சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமனாரிடம் திரும்பி, டாக்டர் அவளையும் சோதிக்கச் சொன்னாரே என்றேன். ஊரெல்லாம் காய்ச்சல், அவளுக்கு மட்டும் என்ன புதுசா என்றார். காலையில் கப்பல் போனால் இங்கே வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளட்டும் என்று முடிவானது.

காலையில் கப்பல் போகவில்லை. என் கணவர் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்குப் போய் விசாரித்தார். கடல் கொந்தளிப்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஹட் பேயிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கப்பல் வரும், கப்பல் வரும் என்று அவர்களும் வீட்டிலேயே காத்திருந்துவிட்டார்கள். தீவில் இருக்கிற எங்களுக்கு இது ஒரு வியாதி. எதற்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மத்தியானம் நானே போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர் எடுத்து அவளிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். மாமனார், கொழுந்தன், கடை ஆட்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். எப்படி இருக்கே என்று கேட்டேன்.

"ஹாங் தீதி, போலியே. க்யா சாஹியே? குக்கர் சாஹியே?" என்றாள், கடைக்கு வந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள்தான் இப்படி விளையாடுவாளே. காய்ச்சலிலும் இவளுக்குக் குறும்பு போகவில்லை என்று மாமனார் போனுக்குப் பக்கத்தில் வந்து, "ஏளா, அப்பா பேசுதேன்" என்றார். அவள் அதே குரலில், பெரியதா சின்னதா, எத்தனை லிட்டர் வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் அதையே கேட்டாள். என்னிடம் அவள் ஒரு நாளும் ஹிந்தியில் பேசியதில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் நடிக்கவில்லை. அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை.

கொழுந்தன் என் கையிலிருந்து போனைப் பறித்தான். ஸ்பீக்கரை நிறுத்தாமலேயே, "மச்சான், அவ நாடிய நெஞ்சுல தொட வைங்க. தலைய குனியச் சொல்லுங்க" என்றான். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். குனிய முடியவில்லை, கழுத்து கட்டை மாதிரி இருக்கிறது, தொட்டால் அலறுகிறாள் என்றார் அவர். உடம்பில் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். போர்வையை விலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, காலில் இருக்கிறது, கொசு கடித்த மாதிரி, ஆனால் கருஞ்சிவப்பாக இருக்கிறது என்றார்.

கொழுந்தன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டு தடவை அந்த வழியில் போய்த் திரும்பியவன் அல்லவா? "மச்சான், கப்பலும் வேண்டாம் கிப்பலும் வேண்டாம். இப்பவே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டாக்டர்ட்ட மூளைக்காய்ச்சல்னு சொல்லுங்க. தம்பிக்குக் காம்ப்ளிமென்ட் இல்ல, இவளுக்கும் இருக்காதுன்னு சொல்லுங்க. அந்த வார்த்தைய மறக்காதீங்க. ஜல்தி!" என்று கத்தினான். வெளியே ஒரு பெண் கரண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். காம்ப்ளிமென்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஆவலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஹட் பே டாக்டருக்கு நாங்கள் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவர்கள். பார்த்தவுடன், எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் ஊசி மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டாராம். மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது பார்த்தேன். கால் முழுக்கக் கருநீலத் திட்டுத் திட்டாக இருந்தது. வலது கால் விரல்கள் கறுத்திருந்தன. கண் பாதி திறந்திருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கேயோ பார்த்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் மாமியார் ஜெபமாலை உருட்டுகிற மாதிரித் தாலிக்கொடியை உருட்டிக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர் ஒருவர், மலையாளம் கலந்த தமிழில், எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார். மாமனார் அவரிடம் கேட்டார். டாக்டரம்மா, காம்ப்ளிமென்ட் என்றால் என்ன? கடையில் கொடுக்கிற இலவசம் மாதிரி, இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றல்லவா நினைத்தோம்?

அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, அர்த்தமும் வேறு. கடையில் கொடுப்பது ஒன்று, இது ஒன்று. கேட்கும்போது மட்டும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். நம் ரத்தத்தில் சில புரதங்கள் எப்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்குமாம். கிருமி வந்து ஒட்டியதும் ஒன்று அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். கிருமியின் மேல் இவை ஒட்டிக்கொண்டால்தான், அதைத் தின்கிற அணுக்களுக்கு அடையாளம் தெரியும். கடைசியில் வரும் சில புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து கிருமியின் தோலில் ஓட்டை போடும். ஓட்டை விழுந்தால் கிருமி வெடித்துச் செத்துவிடும். உங்கள் பையன் உடம்பில் அந்தக் கடைசி வரிசையில் ஒன்று பிறவியிலேயே உற்பத்தியாகவில்லை. அதனால் எல்லாம் கூடி வருகின்றன, ஓட்டை மட்டும் விழுவதில்லை. வேறு கிருமிகளை உடம்பு வேறு வழியில் சமாளித்துக்கொள்ளும். இந்த மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொல்ல மட்டும் அந்த ஓட்டை கட்டாயம் வேண்டும். அதனால்தான் மற்ற நாளெல்லாம் ஆனைக்குட்டி மாதிரி இருக்கிறார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே ரத்தம் என்பதால் பிள்ளைகளுக்கு இது இறங்கியிருக்கலாம், மகளுக்கும் அதே குறைதான் என்று நினைக்கிறேன், சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார்.

 மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "அப்பம் அது கரண்டி இல்ல. கேஸ்கட்டு" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குக்கரில் எல்லாம் இருக்கும். அடிப்பாகம் கனமாக இருக்கும், மூடி பளபளக்கும், வெயிட் இருக்கும். மூடிக்குள் அந்தக் கறுப்பு ரப்பர் வளையம் இல்லாவிட்டால் எவ்வளவு தீ எரித்தாலும் ஆவி நிற்காது, அரிசி வேகாது. முப்பது வருடத்துக்கு மேல் குக்கர் விற்றவர் அவர். "கேஸ்கட்டு இல்லாத குக்கர நல்ல பொருளுன்னு சொல்லி வித்துட்டேனே தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மருமகள் தோளில் மாமனார் சாய்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அன்றைக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அவளுக்கு நினைவு திரும்பியது. உள்ளே போக என்னையும் அவள் வீட்டுக்காரரையும் அனுமதித்தார்கள். கண் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது. பேச ஆரம்பித்தேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், அப்பா வெளியே இருக்கிறார், உனக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று நிறுத்தாமல் பேசினேன். அவள் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படியான சத்தத்தில் கேட்டாள்.

"ஏன் மைனி எல்லாரும் வாய மட்டும் அசைக்கீங்க? சத்தமாப் பேசுங்களேன்!"

மூளைக்காய்ச்சல் போகும்போது அவள் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காலில் மூன்று விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. விரல்களுக்காக அவள் அழவில்லை. காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும் என்று சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உடம்பு தேறட்டும், காலில் புண் ஆறட்டும் என்று கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் காதின் உள்ளே எலும்பு கட்டி, கருவிக்கு வழி அடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு பக்கம் முயற்சி செய்தார்கள். கதவு சாத்துகிற சத்தம், கப்பல் சங்கு, இப்படி ஏதோ கொஞ்சம் உணர்கிறாள். பேச்சு கேட்பதில்லை. அந்தச் சென்னைப் பயணத்தில்தான் போர்ட் பிளேர் டாக்டரம்மாவிடமிருந்து போனில் தகவல் வந்தது. அவள் ரத்தத்திலும் தம்பிக்கு இல்லாத அதே ஒன்றுதான் இல்லையாம். "எனக்கு ரெண்டு தடவ வந்தும் ஒரு மயிரும் ஆகல மைனி. அவளுக்கு ஒரே தடவ" என்று கூட வந்திருந்த கொழுந்தன் ஆஸ்பத்திரித் தூணில் முட்டிக்கொண்டு அழுதான்.

அவள் மகள் அப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசத் தொடங்கியிருந்தாள். இன்றைக்கு வாயாடி. அம்மா மாதிரியே ஹிந்தியும் தமிழும் கலந்து வெளுத்து வாங்குகிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று நாத்தனார் ஒருமுறை என்னிடம் கேட்டாள். உன் குரல் மாதிரியேதான் என்று எழுதிக் காட்டினேன். தன் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துகொண்டு வருகிறது என்றாள். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அவள் வீட்டுக்காரருக்குப் போர்ட் பிளேருக்கே மாற்றலாகிவிட்டது. எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தம்பிக்குப் போட்ட தடுப்பூசிகள் அவளுக்கும் போட்டாயிற்று. இரண்டு வீட்டிலும் காய்ச்சல் என்ற சொல் வந்தாலே செருப்பு மாட்ட ஆரம்பித்துவிடுவோம். இல்லாதது இல்லாததுதான். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வீட்டில் அடைந்து கிடக்க மாட்டேன் என்று அவள் கடைக்கு வர ஆரம்பித்தாள். விலை எழுதிக் காட்டுவாள், சாமான் எடுத்துக் கொடுப்பாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழகிக்கொண்டாள். தமிழ் பாதி தெரியும், ஹிந்தி அதைவிடக் குறைவு, வங்காளம் சுத்தமாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்று நான்கு பாஷையில் வியாபாரம் செய்தவள், இன்று வாடிக்கையாளர் பேசினால் சங்கடத்தோடு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். எங்கள் கடையில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் யாரும் காம்ப்ளிமென்ட் என்று சொல்வதில்லை. ஆனால் வருகிறவர்கள் வாயை எப்படி அடைக்க முடியும்?

போன துர்கா பூஜை சமயம், கூட்டம். ஒரு வங்காள அம்மாள் குக்கர் வாங்கினார். மாமனார் இப்போதெல்லாம் எந்தக் குக்கரையும் அப்படியே கொடுப்பதில்லை. பெட்டியைப் பிரித்து, மூடியைத் திருப்பி, கேஸ்கட்டை விரலால் சுற்றி வரத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அன்றும் அப்படித் தடவிக்கொண்டிருந்தார். பணம் கொடுத்த அந்த அம்மாள், எதிரே நின்ற நாத்தனாரிடம் கல்லாவின் மேல் சாய்ந்து ஏதோ கேட்டார். எனக்குக் கூட்டத்தில் காதில் விழவில்லை. நாத்தனார் அவர் உதட்டையே பார்த்தாள். திடீரென்று அவள் முகம் மலர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பாஷைக்காரர் உதட்டில் வந்தாலும் அவளுக்குத் தெரிகிற ஒரே வார்த்தை அதுதான். குனிந்து கரண்டியை எடுத்து, பைக்குள் போட்டு, பழைய மாதிரியே, "தீதி, காம்ப்ளிமென்ட்!" என்று கத்தினாள்.

தெருவில் போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம். தான் எவ்வளவு உரக்கச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. சரியாகப் புரிந்துகொண்டோம் என்ற சந்தோஷத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். மாமனார் கையிலிருந்த மூடி நழுவிக் கல்லாவில் விழுந்து சுழன்றது. அவர் அதை எடுக்காமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நம் உடம்புக்குள் நாம் கேட்காமலே போட்டு அனுப்பியிருப்பதில் எது கரண்டி, எது கேஸ்கட் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால் எந்த டாக்டரின் எதிரே உட்கார்ந்தாலும், அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை மாதிரியே இருந்தால்கூட, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு முடிக்காமல், யார் முன்னால் எழுந்து நடந்தாலும் சரி, நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.